கணக்கில் வராதவர்களின் ரத்தம்

தில்லித் தமிழர்களுக்கு மந்திர் மார்க் என்றதும் பிர்லா மந்திருக்கு முன்னால் நினைவுக்கு வருவது அங்குள்ள தமிழ்ப் பள்ளிதான். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று அது. அங்கே பிளஸ் டூவில் உயிரியல் எடுக்கும் பெண்பிள்ளைகள் டாக்டர் கனவை வெகுதூரம் தேடிப் போக வேண்டாம். நடந்தே போகிற தூரத்தில் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1916இல் திறக்கப்பட்ட அந்தக் கல்லூரி எம்.பி.பி.எஸ். வகுப்பில் இன்றும் பெண்களை மட்டுமே சேர்க்கிறது. ஆண் டாக்டரிடம் முகம் காட்டாத பெண்களுக்குப் பெண் டாக்டர்கள் வேண்டும் என்ற தேவையில் எழுந்த கல்லூரி. இந்தியாவில் கர்ப்பிணிகளின் உடம்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் இதே தேவைதான் பெருமளவு வழிதிறந்தது. மார்கரெட் பால்ஃபரும் ரூத் யங்கும் சேர்ந்து இந்தியாவில் பெண் மருத்துவர்களின் பணியைப் பற்றி 1929இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ரூத் யங் பின்னாளில் லேடி ஹார்டிங் கல்லூரிக்கு முதல்வரானார். பால்ஃபர் அதற்கு முன்பே இன்னொரு காரியம் செய்திருந்தார். லண்டனில் இருந்த லூசி வில்ஸ் என்ற மருத்துவரை பம்பாய்க்கு வரச்செய்தார். இந்தக் கட்டுரை சொல்ல வருவதில் பாதி அந்த லூசி வில்ஸைப் பற்றியது.

பெண் விஞ்ஞானிகளின் மருத்துவ ஆய்வுகள் ஏன் கவனிப்பாரின்றிக் கிடந்து, காலம் கடந்து கைகொடுக்கின்றன? இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. முதல் பதில், பெயர் பறிபோவது. பெண் செய்த வேலையின் புகழ் பக்கத்தில் இருக்கும் ஆணுக்குப் போய்ச் சேர்வதை அறிவியல் வரலாற்றாசிரியர் மார்கரெட் ராசிட்டர் 1993இல் 'மெட்டில்டா விளைவு' என்று பெயரிட்டு எழுதினார். இரண்டாவது பதில், காலத்துக்கு முந்திய யோசனை. இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் கத்தலின் கரிக்கோ. ஹங்கேரியிலிருந்து 1985இல் அமெரிக்கா போனவர். எம்.ஆர்.என்.ஏ.வை மருந்தாக்க முடியும் என்று விடாப்பிடியாக நின்றதால் ஆய்வு நிதி கிடைக்காமல் 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். ட்ரூ வைஸ்மேனுடன் சேர்ந்து 2005இல் அவர் வெளியிட்ட கட்டுரை அப்போது அதிகம் பேரை எட்டவில்லை. 2020இல் எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா தடுப்பூசிகள் அந்தக் கட்டுரையின் மேல்தான் கட்டப்பட்டன. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இரண்டு பதில்களும் உண்மை. ஆனால் நம் நாட்டுக் கதைகளுக்கு இவை போதவில்லை என்பது என் எண்ணம். இங்கே ஆய்வு செய்தவரைப் பார்க்காமல் விட்டதற்கு முன்பே, அவர் யாரைப் பார்க்கப் போனாரோ அந்த நோயாளியைப் பார்க்காமல் விட்டிருந்தார்கள். மில் தொழிலாளியின் மனைவி, காப்பகத்தில் அடைக்கப்பட்ட பாலியல் தொழிலாளி, தொழுநோயாளி: இவர்களுடைய ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிற வேலை யாரும் போட்டியிடாத வேலையாக இருந்தது. அதனால்தான் அது பெண்களின் கைக்கு வந்தது. அவர்கள் கண்டுசொன்னது தாமதமாகக் காதில் விழுந்ததற்கும் அதுவே காரணம்.

லூசி வில்ஸ் 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துத் தேறினார். ஆனால் அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை. பிறகு லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920இல் டாக்டரானார். 1928இல் பம்பாய் வந்தபோது அவர் முன்னிருந்த கேள்வி இது: பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகள், குறிப்பாக ஜவுளி மில் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், ஒருவிதக் கடும் ரத்தசோகையால் ஏன் சாகிறார்கள்? சாதாரண ரத்தசோகையில் சிவப்பணு சிறுத்து வெளிறிப்போகும். இதில் நேர்மாறாக அணுக்கள் பருத்து, முதிராமல் இருந்தன. இரும்புச்சத்து கொடுத்தும் பலனில்லை.

கிருமியா என்று முதலில் தேடினார், இல்லை. பின்னர் அந்தப் பெண்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். கீரை, காய், பழம், புரதம் எல்லாமே குறைவு. வறுமையில் இருந்த முஸ்லிம் பெண்களிடம் நோய் அதிகமாகத் தென்பட்டது, அவர்கள் உணவிலும் இந்தக் குறை கூடுதல். உணவுதான் காரணம் என்று பிடிபட்டது, எந்தச் சத்து என்று தெரியவில்லை. ஹாஃப்கின் நிலையத்தில் எலிகளை வைத்துச் சோதித்தார். 1929 கோடையில் வேலையைக் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு மாற்றிக்கொண்டார். அங்கே ராபர்ட் மெக்கரிசன் உணவு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். 1931 தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை. இப்போது அது அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பழைய சென்னைக்காரர்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். வில்ஸுக்கு நம் ஊரோடு இப்படி ஒரு தொடர்பு இருப்பது தமிழில் அதிகம் பேசப்படவில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

குரங்குகளை வைத்துச் செய்த சோதனையில் விடை கிடைத்தது. அதே ஏழை உணவைக் கொடுத்து ரத்தசோகை கண்ட குரங்கு ஒன்றுக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். பீர் வடிக்கும் ஆலையில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கிற கறுப்பு நிறச் சாறு அது, ரொட்டியில் தடவித் தின்பது. குரங்கு தேறியது. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். ஈரல் சாறும் வேலை செய்தது, ஆனால் விலை அதிகம். மில் குடியிருப்புக்குக் கட்டுப்படியாகிற மருந்தைத்தான் அவர் தேடினார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது.

அதே சமயத்தில் மேற்கில் ஈரலுக்குப் பெரும் புகழ். இன்னொரு வகை ரத்தசோகையை ஈரல் உணவால் குணமாக்கியதற்காக விப்பிள், மைனாட், மர்ஃபி மூவரும் 1934இல் நோபல் பரிசு பெற்றார்கள். வில்ஸ் கண்டது அதற்கு அடுத்த படி. சுத்திகரித்த ஈரல் சாறு அமெரிக்க நோயாளியைக் காப்பாற்றுகிறது, பம்பாய்க் கர்ப்பிணிக்கு உதவவில்லை, சுத்திகரிக்காத சாறுதான் உதவுகிறது என்று காட்டினார். அப்படியானால் ஈரலில் இரண்டு தனித்தனிச் சத்துகள் உண்டு. ஒன்றை இன்று பி12 என்கிறோம். மற்றது சில காலம் 'வில்ஸ் காரணி' என்று வழங்கியது. 1941இல் அமெரிக்காவில் மிட்செல், ஸ்நெல், வில்லியம்ஸ் மூவரும் நாலு டன் பசலைக்கீரையை அரைத்து ஒரு அமிலத்தைப் பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இலையிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். வில்ஸின் பெயர் அதோடு பாடநூலை விட்டு இறங்கிவிட்டது.

வில்ஸோடு சேர்ந்து எழுதியவர்களை இங்கே நினைக்காமல் போக முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் 1930இல் வந்த அவருடைய கட்டுரைகளில் மேத்தா என்ற பெயரும் தல்படே என்ற பெயரும் கூட்டாசிரியர்களாக இருக்கின்றன. பம்பாய்ப் பெண்களின் உணவையும் குடியிருப்பையும் பற்றிய கட்டுரையை எழுதியதில் தல்படேக்கும் பங்கு உண்டு. வில்ஸையே மறந்த உலகம் இவர்களை எங்கே நினைக்கப்போகிறது?

அடுத்த கதை நம்மவர் ஒருவருடையது. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லே நிறுவனத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். 1940களின் நடுவில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தபோது நோய் வேகம் பிடித்தது. அப்படியானால் இந்தச் சத்தைத் தடுத்தால் புற்றுநோய் அடங்குமே என்று யோசித்தார்கள். சுப்பாராவின் குழு செய்துகொடுத்த அமினோப்டெரின் என்ற தடுப்பு மருந்தால் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948இல் ஃபார்பர் வெளியிட்டார். மெத்தோட்ரெக்சேட் இந்தக் குடும்பத்து மருந்துதான். புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்றும் அதை எழுதித் தருகிறார்கள். மில் தொழிலாளியின் மனைவிக்கு ஏன் ரத்தம் இல்லை என்ற கேள்வி இருபது வருஷத்துக்குள் புற்றுநோய் மருத்துவத்தின் வாசலில் வந்து நின்றது.

1965இல் லிவர்பூலில் ஹிப்பர்டும் ஸ்மிதெல்ஸும் வேறொன்றைச் சந்தேகித்தார்கள். முதுகுத்தண்டு மூடாமலும் மூளை வளராமலும் பிறக்கும் குழந்தைகளின் தாய்மாருக்கு ஃபோலேட் குறைவோ என்பது அந்தச் சந்தேகம். அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ 1991 வரை ஆயிற்று. ஏழு நாடுகளில் 33 மையங்களில் நடந்த ஆய்வு, ஏற்கனவே அப்படியொரு குழந்தை பெற்ற தாய்மார் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் அடுத்த குழந்தைக்கு அந்தக் குறை வரும் அபாயம் 72 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. வில்ஸ் 1964இலேயே இறந்துவிட்டார்.

இன்று நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 180 நாள் சாப்பிட வேண்டும். 2021 சுதந்திர தினத்தன்று அறிவிக்கப்பட்டு ரேஷன் கடைக்கு வந்த செறிவூட்டிய அரிசியிலும் இரும்பு, பி12 இரண்டோடு வில்ஸின் சத்தும் உண்டு. ஆனாலும் 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம். இன்னொரு சிக்கலும் உண்டு. குழந்தையின் முதுகுத்தண்டுக் குழல் கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த நாட்கள் பெரும்பாலும் கடந்திருக்கும். கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் வேண்டும் என்பது அரசு வழிகாட்டுதலில் எழுத்தில் இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரு பெண்ணின் கையில் அந்த மாத்திரை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

இனி சென்னைக்கு வருவோம், சுப்பாராவ் படித்த அதே மருத்துவக் கல்லூரிக்கு. 1985 கடைசியில் அங்கே நுண்ணுயிரியல் மேற்படிப்பில் இருந்த நிர்மலா செல்லப்பனுக்கு தீசிஸ் தலைப்பு வேண்டியிருந்தது. அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன் எய்ட்ஸ் கிருமியைத் தேடிப்பார்க்கச் சொன்னார். அமெரிக்காவில் இந்த நோய் பேச்சாகி நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. பம்பாயிலும் புனேயிலும் சோதித்த ரத்தத்தில் எதுவும் அகப்படவில்லை. குடும்பக் கட்டுக்கோப்பு குலையாத நாடு இது, இங்கே அந்த நோய் வராது என்ற நம்பிக்கை அதிகாரிகளிடமும் பத்திரிகைகளிடமும் இருந்தது. நிர்மலாவுக்கும் தயக்கம். கணவர் வீரப்பன் ராமமூர்த்திதான் செய்து பார் என்று தைரியம் சொன்னார்.

பம்பாய் போலப் பாலியல் தொழிலுக்கென்று தனிப் பேட்டை சென்னையில் இல்லை. சிகிச்சைக்காக ஜி.எச்.சுக்கு வந்த பாலியல் தொழிலாளிகள் சிலரோடு பழகி, அவர்கள் மூலம் மற்றவர்களைத் தெரிந்துகொண்டு, விஜிலென்ஸ் ஹோம் என்ற அரசுக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். காலையில் கணவர் ஸ்கூட்டரில் கொண்டு விடுவார். கையுறை கிடையாது, பாதுகாப்புக் கவசம் எதுவும் கிடையாது. மூன்று மாதத்தில் 80 பேரிடம் ரத்தம் எடுத்தார். சுனிதியும் அவர் கணவர், இதய அறுவை மருத்துவர் சாலமன் விக்டரும் சிறியதாக ஒரு பரிசோதனைக்கூடத்தை ஏற்பாடு செய்தார்கள். அங்கே பிரித்தெடுத்த சீரம் வைக்க இடமில்லாததால் நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போயிற்று.

எலைசா பரிசோதனைக்குச் சென்னையில் வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் சீரத்தை வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் இரவு ரயிலில் காட்பாடி போய், ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி.யில் இறங்கினார்கள். வைரஸ் துறைத் தலைவர் ஜேக்கப் ஜான், தம் இளம் சகாக்கள் ஜார்ஜ் பாபு, எரிக் சிமோயிஸ் இருவரையும் உதவிக்குக் கொடுத்தார். அன்று முடிவைத் திறந்து பார்த்தபோது சோதனைத் தட்டில் ஆறு குழிகள் தொற்றின் அடையாளமாக மஞ்சளாகியிருந்தன. யாரும் எதிர்பார்க்கவில்லை. காப்பகத்துக்குத் திரும்பப் போய் அந்த ஆறு பேரிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவில் செய்த வெஸ்டர்ன் பிளாட் சோதனையும் ஆமாம் என்றது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

நம்பாதவர்கள் இருந்தார்கள், சோதனை தப்பு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. சோதனை, 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம், 2004இல் இலவசக் கூட்டு மருந்து என்று இந்த நாடு பிறகு எடுத்த அடிகள் எல்லாம் அந்த ஆறு மஞ்சள் குழிகளிலிருந்து தொடங்குகின்றன. சுனிதி சாலமன் 1993இல் தம் தந்தை பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கி, மற்ற ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பிய நோயாளிகளை வரவேற்றார். 2015இல் மறைந்தார். பத்மஸ்ரீ 2017இல் வந்தது. நிர்மலா 1987 மார்ச்சில் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு பற்றிய தம் தீசிஸைக் கொடுத்துத் தேர்ச்சி பெற்று, கிங் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து 2010இல் ஓய்வு பெற்றார். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. ரத்தத்தைச் சேகரித்த கை அவருடையது என்பது முப்பது வருஷம் கழித்துத்தான் உலகச் செய்தியானது.

இந்தக் கதையைக் கொண்டாடும்போது ஒன்றை விழுங்கிவிடக் கூடாது. ரத்தம் எதற்காக என்று அந்தப் பெண்களிடம் நிர்மலா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அனுமதிப் படிவம் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை என்பதும் உண்மை. ஆனால் விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள். பின்வந்த வருஷங்களில், எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகத்திலேயே அடைத்துவைத்தார்கள். 1990இல் பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் போய்த்தான் அவர்களுக்கு விடுதலை வாங்கித் தர வேண்டியிருந்தது. ஆய்வாளருக்குத் தாமதமாகவாவது ஒரு பெயர் கிடைத்தது. அந்த ஆறு பேருக்குப் பொதுவெளியில் பெயர் வேண்டாம்தான். ஆனால் அவர்கள் கதி என்ன ஆயிற்று என்று மருத்துவ உலகம் விசாரித்திருக்க வேண்டும்.

தில்லி எய்ம்ஸில் இந்திரா நாத் செய்த வேலையையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். 1970இல் லண்டன் போய் நோயெதிர்ப்பியல் கற்றவர். அங்கேயே தங்கிவிடாமல் திரும்பி வந்து தொழுநோயை எடுத்துக்கொண்டார். உலகத்திலேயே அதிகத் தொழுநோயாளிகள் இருந்த நாடு இது, அந்த நோயை வைத்து ஆராய்ச்சியில் பேர் வாங்க நினைத்தவர்கள் குறைவு. கடுமையான தொழுநோயில் உடம்பின் டி-செல்கள் அந்த ஒரு கிருமிக்கு மட்டும் ஏன் ஊமையாகிவிடுகின்றன என்பதை அவர் ஆராய்ந்தார். 1983இல் பட்நாகர் விருது, 2002இல் லோரியல்-யுனெஸ்கோ விருது. 2021இல் மறைந்தார். அவரைப் புறக்கணித்தார்கள் என்று சொல்ல முடியாது, மரியாதைகள் கிடைத்தன. ஆனால் கல்லூரி மாணவியிடம் கரிக்கோ யார் என்று கேட்டால் பதில் வரும், இந்திரா நாத் யார் என்று கேட்டால் வருமா என்பது சந்தேகம்.

கவனிப்பு எங்கே அறுந்துபோகிறது என்று தேடினால் எனக்குத் தென்படுகிற இடம் நிர்மலாவின் கதையிலேயே இருக்கிறது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. கண்டுபிடிப்பு ஒரு மேற்படிப்பு தீசிஸ். எம்.டி., எம்.எஸ். படிக்கிற ஒவ்வொருவரும் ஒரு தீசிஸ் எழுதியாக வேண்டும். லேடி ஹார்டிங்கிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் வருஷாவருஷம் எழுதப்படுகிறது. பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழைகளின் உடம்பைப் பற்றி, பிரசவ வார்டைப் பற்றி, ரத்தசோகையைப் பற்றி. பரீட்சை முடிந்ததும் அதில் பெரும்பகுதி பைண்டு செய்த அட்டைக்குள் நூலக அலமாரிக்குப் போய்விடுகிறது. பி.எச்.டி. ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' என்ற பொது இணையக் களஞ்சியம் இருக்கிறது. மருத்துவ மேற்படிப்பு தீசிஸ்களுக்கு நாடு முழுமைக்குமாக அதற்கு இணையான ஏற்பாடு வேண்டும். ஒவ்வொன்றும் யாருடைய ரத்தத்தை எப்போது, என்ன சொல்லி எடுத்தது என்ற விவரத்தோடும், எழுதிய மாணவியின் பெயரோடும் அதில் ஏற வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் நினைத்தால் தேர்வு முடிவை வெளியிடும் நாளிலேயே அதைக் கட்டாயமாக்கலாம். பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை.